ஏழெட்டு நாற்காலிகள்

அந்த வசந்த காலத்தில் எங்கள் அலுவலகத்தில் யாரும் லீவு எடுக்கவில்லை. காய்ச்சல் வந்தவர்கள்கூட முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஒரு நிறுவனம் ஒரே காலையில் ஒரு தளத்தையே வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்ற செய்தி வந்திருந்தது. அதிலிருந்து, மீட்டிங் அறையின் கண்ணாடிக் கதவு மூடினாலே எல்லாருடைய கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பும்.

சன்னிவேலில் நான் அந்த வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. நானும் கணவரும் என் விசாவின் மேல்தான் நின்றுகொண்டிருந்தோம். அவர் வேலை பார்ப்பதும் என் விசாவைச் சார்ந்து கிடைத்த அனுமதியில்தான். எனக்கு வேலை போனால் அறுபது நாளுக்குள் இன்னொன்று தேட வேண்டும். கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு ஈரோட்டுக்குப் போக வேண்டும். பத்து வயது மகள் இங்கே பிறந்தவள். அவளுக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. எங்களுக்கு இருந்ததை அவளிடம் சொல்லவும் இல்லை.

என் எதிர் மேசையில் ஒரு சீனப் பெண்மணி இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். செங்டு நகரத்தில் பிறந்து, என் வயதில் இங்கே வந்து, எங்களைப் போலவே வருடக்கணக்கில் வரிசையில் நின்று, கடைசியில் குடியுரிமையும் வாங்கிவிட்டவர். கணவரைப் பிரிந்து தனியாக இருந்தார். ஒரே மகன் டெக்சாஸில், இர்விங்கில் வேலை பார்த்தான். அலுவலகத்தில் மூத்த பெண்களைக் கூப்பிட அவர் மொழியிலும் ஒரு சொல் உண்டு. எனக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார். என் நாக்கில் அது சரியாக விழாது. இங்கே அக்கா என்றே எழுதுகிறேன். நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான் என்றாலும் என் காதில் அது தமிழாகத்தான் விழுந்தது.

ஒரு மதியம் அவருடைய தோள்கள் குலுங்குவதைப் பார்த்தேன். தலை கவிழ்ந்திருந்தது. கையில் போன். வேலை போய்விட்டது என்கிற மெயில் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"என்னாச்சுக்கா?"

அவர் நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர். ஆனால் அழவில்லை. சத்தமே வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாற்காலி ரிசைன் பண்ணிடுச்சு" என்றார்.

அவர் கதை எழுதுகிறவர் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. காலையும் மாலையும் ரயிலில் போனிலேயே சீன மொழியில் எழுதி, அவர் ஊர்க்காரர்கள் நடத்தும் ஓர் இணையப் பத்திரிகைக்கு அனுப்புவார். அவருடைய பழைய கதை ஒன்றில், ஒரு மலைக் கிராமம் தன்னுடைய எதிரொலியைப் பக்கத்து ஊருக்கு வாடகைக்கு விடுகிறது. திருப்பித் தரும்போது அதில் அந்த ஊர் வட்டார வழக்கு கலந்திருக்கிறது என்று பஞ்சாயத்து நடக்கிறது. இன்னொன்றில், செத்துப்போன ஒருவருக்கு அலுவலகத்திலிருந்து வருகைப் பதிவு பற்றி விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. ஐந்தாவது கடிதத்துக்கு அவர் பதில் எழுதிவிடுகிறார்.

அன்று எழுதிக்கொண்டிருந்த கதை, பல வருடமாக மழையே பெய்யாத ஒரு ஊரின் மழையளவு அலுவலகம் பற்றியது. யாருக்கெல்லாம் வேலை போகப்போகிறதோ அவர்களுடைய நாற்காலிகள் முன்கூட்டியே எழுந்து, மாடிப்படி இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகின்றன. நாற்காலி போனவர்கள் அது தெரியக்கூடாது என்று முழங்காலை மடக்கி, காற்றில் உட்கார்ந்தபடியே நாள் முழுக்க வேலை செய்கிறார்கள். மேலதிகாரி பக்கத்தில் வந்தால் சாய்ந்துகூட உட்காருகிறார்கள்.

நான் அங்கேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த மாதத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் ஊர் நூலகத்தில் அப்போது புதிய சீனக் கதைகளுக்கென்று ஒரு வாசிப்புக் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். சிரிப்பும் கற்பனையும் உள்ள கதைகள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சீனத்தில் வாசித்தால் பாதிப் பேருக்குப் புரியாது, ஆங்கிலத்தில் ஒரு பிரதி வேண்டும் என்றார்கள். அக்கா என்னைக் கேட்டார். மூன்று வாரம், மதிய உணவு நேரத்தில், மொட்டைமாடி மேசையில் உட்கார்ந்து செய்தோம். அவர் ஒவ்வொரு வரியாகத் தன் ஆங்கிலத்தில் சொல்வார். நான் அதைச் சீராக்கி என் போனில் ஒரு ஆவணத்தில் ஏற்றுவேன்.

முதல் நாளே திட்டு வாங்கினேன். "விசித்திரமாக", "நம்ப முடியாதபடி" என்றெல்லாம் அங்கங்கே சேர்த்திருந்தேன். படித்துக் காட்டியதும் கையை நீட்டித் தடுத்தார்.

"யாரு நம்பல? அந்த ஆஃபீஸ்ல யாருக்கும் ஆச்சரியமே இல்ல. நாற்காலி போச்சு. அதுக்கு எந்த ஃபாரம் ஃபில் பண்ணணும்னுதான் அவங்க கவலை. நீ ஆச்சரியப்பட்டா கதை செத்துடும்."

"அப்புறம் சிரிப்பு எங்கேருந்து வரும்?"

"அந்த ஃபாரத்துலேருந்து. எங்க பக்கம் இப்ப எழுதற நிறைய பேர் அப்படித்தான். முதல் வரியிலயே நடக்க முடியாதது நடந்துடும். மிச்சமெல்லாம் ஆஃபீஸ் வேலை."

எல்லா விசித்திரத்தையும் எடுத்துவிட்டேன். அதன்பிறகு வரிகள் தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்தன.

கதையின் முதல் வரியில்தான் சிக்கல் வந்தது. "அந்த வியாழக்கிழமை மதியம் எங்கள் அலுவலகத்திலிருந்து ஏழெட்டு நாற்காலிகள் ராஜினாமா செய்தன." சீனத்தில் அவர் எழுதியிருந்தது ஏழும் எட்டும் சேர்ந்த ஒரே சொல். எண்ணிப் பார்க்காத, எண்ணத் தேவையும் இல்லாத ஓர் எண். தமிழில் அது அச்சு அசலாக இருக்கிறது என்று சொன்னதும் அக்கா என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். "ஏழெட்டு" என்றேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இரண்டு மொழிக்கும் சொந்தமான ஒரு சொல் ஆங்கிலத்துக்குப் போனதும் வெளிறிப்போயிற்று. "ஏழு அல்லது எட்டு" என்று எழுதினால், சொல்பவனுக்கு எண்ணத் தெரியவில்லை என்பது போல் இருந்தது. ஆனாலும் அக்கா அதுவே இருக்கட்டும் என்றார். அப்படியே முடித்தோம்.

நூலகத்துக்கு அனுப்ப வேண்டிய அன்று, மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுக் காரில் உட்கார்ந்து கடைசியாக ஒரு தடவை படித்தேன். முதல் வரி மறுபடியும் உறுத்தியது. அதைப் "பதினொன்று" என்று மாற்றினேன். அந்த வரி சட்டென்று பிடித்து நின்றது. அக்காவிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அன்றே அனுப்பியாக வேண்டும். அனுப்பிவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் பெயர் வேண்டாம் என்றும் எழுதினேன். அலுவலகத்தைப் பற்றிய கிண்டல் கதையில், அந்த மாதிரி ஒரு மாதத்தில், என் பெயர் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். அக்காவிடம் மட்டும், "எனக்குப் பேர் எதுக்குக்கா, கதை உங்களோடதுதானே?" என்று சொல்லிவைத்தேன்.

நூலகம் அச்சடித்த துண்டறிக்கையில் கதையின் முதல் பத்தியும் அக்காவின் பெயரும் படமும் இருந்தன. அக்கா பெருமையாக அதில் ஒன்றை காபி எடுக்கும் பான்ட்ரியின் அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். திங்கட்கிழமை காலை அது அங்கே இருந்தது. மதியம் காபி எடுக்கப் போனபோது இல்லை. நாலு மூலையிலும் குண்டூசி மட்டும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எச்.ஆர். பிரிவிலிருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். மேலே போய் முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார். பின்னாலேயே ஒருவர் வந்து அவருடைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனார். அக்கா கைப்பையை எடுத்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நான் எழுந்து லிஃப்ட் வரை கூடவே நடந்தேன்.

"அந்த நம்பரை யாரு சொன்னாங்கன்னு கேக்கறாங்க" என்றார்.

"எந்த நம்பரு?"

"பதினொன்னு. திரும்பத் திரும்ப அதேதான். பதினொன்னுன்னு உனக்கு எப்படித் தெரியும்? யாரு லீக் பண்ணாங்க? எந்த ஃபைலை ஓபன் பண்ணினன்னு ஒரே கேள்வி. நான் ஏழெட்டுன்னுதானே எழுதினேன்னு நெனச்சேன். போர்டுல குத்தினப்ப படத்தைத்தான் பாத்தேன், வரியைப் படிக்கல. பேப்பரைக் காட்டினாங்க. பதினொன்னுன்னு இருந்துது."

அப்படியென்றால் அந்த மாதம் பதினொரு பேரை அனுப்பப்போகிறார்கள். அது கம்பெனியில் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்க வேண்டும். நான் ஒரு வரி நன்றாக நிற்கட்டும் என்று காரில் உட்கார்ந்து போட்ட எண் அதுவாக இருந்துவிட்டது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானே யோசிச்சுப் போட்டேன்னு சொன்னேன். அவங்க நம்பல. விசாரணை முடியற வரைக்கும் வீட்டுல இருக்கணுமாம்."

லிஃப்ட் வந்தது. அக்கா உள்ளே போய்த் திரும்பி நின்றார். என் பெயரை அவர் சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை என்று அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கதவு மூடும்வரை நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் சமையலறையில் கணவரிடம் சொன்னேன். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் முதலில் அடுப்பை அணைத்தார்.

"நீ எதுக்குப் போயித் தலையைக் குடுக்கற? அவங்க சிட்டிசன். வேலை போனாலும் ஊரை விட்டுப் போன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. நமக்கு அப்படியா?"

"நம்பரை மாத்துனது நானுங்க."

"நம்பரைத்தான மாத்துன? கதை அவங்களோடது, பேரு அவங்களோடது, போர்டுல ஒட்டினதும் அவங்க. விசாரிச்சா ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுட்டு விட்டுருவாங்க. ஒரு வாரம் பொறு."

"விடலைன்னா?"

அவர் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். மகள் படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆர் யூ கைஸ் ஃபைட்டிங்?" என்றாள். இல்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

கணவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. புதன்கிழமை முழுவதும் வாயைத் திறக்காமல் வேலை பார்த்தேன். அக்காவுக்கு ஒரு மெசேஜ் எழுதி, அழித்து, மறுபடி எழுதி அழித்தேன். என் போனை யாராவது பார்ப்பார்களோ என்ற பயம் ஒரு பக்கம். அவர் பதில் போட்டால் என்ன செய்வது என்ற பயம் இன்னொரு பக்கம். மேனேஜர் என் மேசையைக் கடக்கும்போதெல்லாம் திரையையே உற்றுப் பார்த்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வியாழக்கிழமை காலை நான் போனபோது எதிர் மேசைக்கு அடியில் வெறும் இடம் இருந்தது. பக்கத்து டீமில் மீட்டிங்குக்கு நாற்காலி பற்றவில்லை என்று அக்காவுடையதை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவ்வளவுதான் காரணம். ஆனால் எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். அக்கா செய்துகொண்டிருந்த சோதனைகளை இனி நான் பார்க்க வேண்டும் என்றார்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

"திரும்ப வருவாங்கன்னு எனக்குத் தோணல" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அவருக்கும் சங்கடம்தான்.

அவர் போனதும் நான் படியேறினேன். லிஃப்டில் போனால் மனம் மாறிவிடும் என்று பயந்தேன்.

எச்.ஆர். அதிகாரி என் வயதுக்காரி. வெள்ளைக்காரப் பெண். எப்போதும் மரியாதையாகப் பேசுவாள். அறைக்குள் போய், "அந்தக் கதையோட இங்கிலீஷ் என்னோடது, பதினொன்னுன்னு போட்டது நான், அவங்களுக்குத் தெரியாது" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, மஞ்சள் நோட்டைத் திறந்தாள்.

"யாரு உங்ககிட்ட அந்த நம்பரைச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"அப்ப ஏன் பதினொன்னு?"

வாழ்க்கையில் எத்தனையோ இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு கஷ்டமான கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"அதுதான் சிரிப்பா இருந்துது" என்றேன்.

அவள் பேனாவை நோட்டின் மேல் வைத்தபடியே இருந்தாள். எழுதவில்லை.

"ஒரிஜினல்ல ஏழெட்டுன்னு இருக்கு. எங்க மொழியிலயும் அப்படி ஒரு வார்த்தை இருக்கு. இங்கிலீஷ்ல இல்ல. ஏழு அல்லது எட்டுன்னா சந்தேகப்படற மாதிரி இருக்கு. பத்துன்னா ரவுண்டா இருக்கு, யாரோ பொய் சொல்ற மாதிரி. பன்னெண்டுன்னா ஒரு டஜன், முட்டை மாதிரி. பதினொன்னுன்னாத்தான் யாரோ நெஜமாவே பக்கத்துல நின்னு எண்ணின மாதிரி இருக்கும். நடக்க முடியாத விஷயத்தைக் கரெக்டா எண்ணினாத்தான் சிரிப்பு வரும்."

ஒரு நகைச்சுவையை இப்படிக் கைதி மாதிரி உட்கார்ந்து விளக்குவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அவள் இப்போது எழுத ஆரம்பித்தாள். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. "முட்டை" என்று எழுதி அடியில் கோடு போட்டாள்.

"இதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?"

அப்போதுதான் எனக்கு அந்த ஆவணம் ஞாபகம் வந்தது. எந்த நாளில், எந்த நிமிடத்தில், எந்தச் சொல் மாறியது என்று அதில் வரிசையாக இருக்கும். போனைத் திறந்து காட்டினேன். அவள் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நாளாகப் பார்த்தாள். "விசித்திரமாக" என்று நான் எழுதி, எடுத்த இடங்கள். ஏழு அல்லது எட்டு. ஏழு அல்லது எட்டு. மறுபடியும் ஏழு அல்லது எட்டு. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நீச்சல் வகுப்பு நேரத்தில், பதினொன்று.

அந்தத் தேதியை அவள் நீண்ட நேரம் பார்த்தாள்.

"அன்னிக்கு எங்களுக்கே நம்பர் தெரியாது" என்றாள்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். பிறகு ஒரு தாளை எடுத்து, இங்கே பேசிய எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அக்கா திங்கட்கிழமையிலிருந்து வரலாம் என்றாள். நூலகத்தில் வாசிப்பது உங்கள் சொந்த விஷயம், பான்ட்ரியில் மட்டும் ஒட்ட வேண்டாம் என்றாள்.

"எனக்கு ஏதாவது..." என்று இழுத்தேன்.

"இதனால எதுவும் இல்ல" என்றாள். அந்த "இதனால" என்ற சொல்லை வீடு போகும்வரை மென்றுகொண்டே போனேன்.

அன்று மதியமே அக்காவைப் பார்க்கக் கிளம்பினேன். எல் கமினோ ரியல் சாலையில் எங்கள் இருவருக்கும் பழக்கமான ஒரு தோசைக் கடைக்கு வரச் சொன்னேன். அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். எண்ணை மாற்றியதற்கும் கேட்காமல் அனுப்பியதற்கும் மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"பதினொன்னு நல்லாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "அது என் வரி இல்ல. ஆனா நல்லா இருக்கு. அதுக்காக எனக்குக் கோவம் இல்ல."

கிண்ணத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு நாள் ஏன் எடுத்துக்கிட்ட?"

"விசாதான்க்கா" என்றேன். வேறு எதுவும் என்னிடம் இல்லை.

"எனக்குத் தெரியாதா? நானும் அந்த வரிசையில நின்னவதான். அதனாலதான் உன் பேரைச் சொல்லல. ஆனா நீ ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம். வர மாட்டேன், பயமா இருக்குன்னு சொல்லியிருந்தாக்கூடப் போதும். ரெண்டு நாளும் நான் போனையே பாத்துட்டு இருந்தேன்."

தோசை வந்தது. இருவரும் சாப்பிட்டோம். என்னால் பாதிக்கு மேல் முடியவில்லை. எழும்போது அக்கா, "ஞாயித்துக்கிழமை லைப்ரரி கூட்டத்துல இங்கிலீஷ் நீதான் படிக்கணும். உன் பேரைச் சொல்லிட்டுப் படிக்கணும்" என்றார். அது மன்னிப்பா தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை. சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் முப்பது பேர் போல வந்திருந்தார்கள். பெரும்பாலும் சீனக் குடும்பங்கள், கொஞ்சம் வயதான வெள்ளைக்காரர்கள். கணவரும் மகளும் இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். அக்கா சீனத்தில் முதல் பகுதியைப் படித்தார். அவருடைய ஆட்கள் முதல் வரிக்கே சிரித்தார்கள். நான் எழுந்து மைக்குக்கு முன் போனேன். என் பெயரைச் சொன்னேன். தாளை விரித்துவிட்டு நிமிர்ந்தபோது, கடைசி வரிசையில் எச்.ஆர். அதிகாரி உட்கார்ந்திருந்தாள். அலுவலக உடுப்பில் இல்லை. மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

முதல் வரியை, அக்கா விரும்பியபடி, ஏழு அல்லது எட்டு என்றே படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. காற்றில் உட்காரும் இடம் வந்தது. மகளும் இன்னும் இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். குமாஸ்தாக்களின் முழங்கால்கள் நடுங்குவதைப் படிக்கும்போது மைக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டேன். பிறகு மேலதிகாரி விடும் சுற்றறிக்கை வந்தது.

"இனி ஊழியர்கள் அனைவரும் கூட்டங்களின்போது தத்தம் நாற்காலிகளை இரு கைகளாலும் பற்றியிருக்க வேண்டும். பற்றத் தவறியவர்களின் நாற்காலி வெளியேறினால் நிர்வாகம் பொறுப்பல்ல. இந்தச் சுற்றறிக்கை எக்காரணம் கொண்டும் நாற்காலிகளின் பார்வைக்குக் கொண்டுசெல்லப்படக் கூடாது."

கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்தாள். சுற்றறிக்கை எழுதிப் பழகியவளுக்குத்தான் அது அவ்வளவு சிரிப்பாக இருந்திருக்கும். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளையே பார்த்து மிச்சத்தைப் படித்து முடித்தேன். கைதட்டலின்போது தேடினேன். போய்விட்டிருந்தாள்.

அடுத்த புதன்கிழமை காலை கண்ணாடிக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எனக்கு நேர் எதிரே அக்காவின் போன் அதிர்ந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். மதியம்வரை நான் போனைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வரவில்லை. மூன்று மணிக்கு மேனேஜர் வந்து, முடிந்துவிட்டது, மிச்சமிருப்பவர்கள் வேலையைப் பார்க்கலாம் என்றார். மொத்தம் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. கேட்கவும் இல்லை.

அக்காவின் பெயர் எப்போது அந்தப் பட்டியலில் ஏறியது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. விசாரணைக்கு முன்பா, அதற்குப் பிறகா? கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரித்தபோது அந்த அதிகாரிக்குத் தெரிந்துதான் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே வந்து உட்கார ஏன் தோன்றியது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவளைத் தாழ்வாரத்தில் பார்த்தால் தலையசைப்பேன். அவளும் அசைப்பாள். அதற்கு மேல் இல்லை.

கார் நிறுத்துமிடம்வரை அக்காவின் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். "நீ இருக்கிறது நல்லது" என்று மட்டும் சொன்னார். அதில் வஞ்சம் இல்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் மகனோடு இருக்க இர்விங்குக்குப் போய்விட்டார். அங்கே ஒரு அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. கொஞ்ச நாள் பேச்சு இல்லை. நானும் கூப்பிடத் தயங்கினேன். ஒரு ஞாயிறு காலை அவரே கூப்பிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல், "ஒரு பாலம் மெடிக்கல் லீவு கேக்குது" என்று ஆரம்பித்தார். புதுக் கதை. எல்லா லாரிகளும் தன் மேலேயே போவதால் முதுகு வலிக்கிறது என்று பாலம் விண்ணப்பம் போடுகிறது. மருத்துவர் வந்து தூணில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்கிறார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் போனில் உட்காருகிறோம். ஒரு கமாவை மாற்றினாலும் கேட்கிறேன். கேட்பதில் பாதிக்கு மேல் வேண்டாம் என்கிறார். மருத்துவர் பாலத்திடம் "நீ" என்று பேசுவாரா, "நீங்கள்" என்று பேசுவாரா என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்றாலும், அதை முடிவு செய்யாமல் அந்த மருத்துவரின் குரல் கிடைக்காது என்கிறார் அக்கா. சீனத்திலும் தமிழிலும் அது வேறு வேறு.

போன வாரம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் இந்தக் கதைகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கத்தியை நிறுத்திவிட்டு, "ஏப்பா, பாலம் லீவுல போயிட்டா, ஆத்தை யாரு பாத்துக்குவா?" என்றார்.

அவர் என்ன சொன்னார் என்று அக்கா கேட்டார். நான் சொன்னேன்.

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "இரு, பேனா எடுத்துட்டு வரேன்" என்றார்.